சரக்கரைச்ச கை

மூண்டு வருசத்துக்கு முந்தி, தென்மேல் சோளகக் காத்து விடாமல் அடிச்ச ஒரு ஆடி மாதம், எழுவைதீவில என்ர தங்கச்சி வீட்டில நடந்த கதை இது. கூட்டாளிமாருக்கு இதை நான் பகிடியாத்தான் சொல்லுறனான். சிரிப்பு முடியிற இடத்தில நிப்பாட்டிப்போடுவன். மிச்சத்தையும் சேர்த்துச் சொல்லுறது இதுதான் முதல்தரம்.

முதல்ல என்ர தொழிலைச் சொல்லவேணும், இல்லாட்டி ஒண்டும் விளங்காது. நான் ஒளியியல் பொறியியலாளன். வெளிச்சம், வில்லை, இதுகளோட மாரடிக்கிற வேலை. ஊரில இதை விளங்கப்படுத்திக் களைச்சுப்போனன். "ஓ, ஒப்டிக்கல்ஸோ? கடை எங்க போட்டிருக்கிறீர்?" எண்டுதான் கேப்பினம். அம்மா சாகுமட்டும் தன்ர மகன் சிங்கப்பூரில மூக்குக்கண்ணாடி செய்யிறான் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவ. நானும் திருத்தேல்லை. மனுசிக்கு அதில ஒரு சந்தோசம்.

நான் வந்த வழியும் ஒரு நேரான வழியில்லை. வேலணையில கணிதம் படிச்சு, பல்கலைக்கழகத்தில பௌதிகம் படிச்சு, முதல் வேலை கொழும்பில மைக்ரோஸ்கோப், அதுதான் நுணுக்குக்காட்டி, திருத்துற ஒரு இடத்தில. பள்ளிக்கூடங்களிலயிருந்து உடைஞ்சது, பூஞ்சணம் பிடிச்சது எண்டு பெட்டி பெட்டியா வரும். அங்க எங்கட முதலாளி ஒரு வசனம் வைச்சிருந்தார்: "முதல்ல கண்ணாடியைத் துடை, பிறகு கதை." என்ன பழுதெண்டு வந்தாலும் முதல் வேலை துடைக்கிறது. அரைவாசி அதோடயே சரிவந்திடும். பிறகு புலமைப்பரிசில் கிடைச்சு வெளிக்கிட்டு, சிங்கப்பூரில போன் கமராவுக்கு வில்லை வடிவமைச்சன். ஆக்களின்ர முகம் வடிவா விழுறதுக்கு ஆறு வருசம் மண்டையை உடைச்சன் எண்டு வையுங்கோவன். அதுக்குப் பிறகுதான் உயிரியல் தொழில்நுட்பக் கொம்பனி ஒண்டுக்கு மாறினது. சனத்துக்குச் சேவை செய்யப் போனன் எண்டு சொன்னா அது பச்சைப் பொய். சம்பளம் கூட, அதுதான் போனனான்.

அங்க நாங்கள் செய்துகொண்டிருந்தது சின்ன ரோச் லைற் மாதிரி ஒரு கருவி. பிறந்த பிள்ளையளுக்கு வாற மஞ்சள் காமாலையை, எங்கட ஆக்கள் செங்கமாரி எண்டு சொல்லுறதை, ஊசி குத்தாமல் அளக்கிறது. பிள்ளையின்ர நெத்தியில வைச்சு அமத்தினா நீல வெளிச்சம் ஒண்டு சிமிட்டும். தோலுக்குள்ள போய்த் திரும்பி வாற வெளிச்சத்தில எவ்வளவு நீலம் குறைஞ்சிருக்கு எண்டு பார்த்து, திரையில ஒரு எண் காட்டும். எங்களைப் போல கறுத்தத் தோலில வழமையான கருவியள் தடுமாறுறது உண்டு. எங்கடது தடுமாறாது எண்டு எனக்கு ஒரு பெருமை. அது இன்னும் சோதனையிலதான் இருந்தது. விற்பனைக்கு வரேல்லை, ஆக்களில வைக்கவும் கூடாது.

இந்த நேரத்திலதான் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தது. வழமையா எங்கட தாய்மார்தான் பிள்ளைப்பெறு பார்க்கக் கனடாவுக்கும் லண்டனுக்கும் பிளேன் ஏறுவினம். எங்களுக்கு அம்மா இல்லை. மச்சானின்ர தாயும் மகளோட கனடாவில. அப்ப ஆர் இருக்கினம்? நான்தான் ஒரு மாதம் லீவு போட்டு, பிள்ளைப்பெறு பார்க்கச் சிங்கப்பூரில இருந்து எழுவைதீவுக்கு வந்தனான். வரேக்கை அந்தக் கருவியையும் பையில போட்டுக்கொண்டு வந்தன். லீவில இருந்து அறிக்கை எழுதலாம் எண்டு ஒரு நினைப்பு.

மருமகள் பஞ்சு மாதிரி ஒரு பிள்ளை. மூண்டாம் நாள் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியால வீட்டை கொண்டு வந்தாச்சு. பொல்லாத ஆசை பாருங்கோ, அண்டைக்கே நெத்தியில வைச்சுப் பார்த்தன். எட்டு. அடுத்த நாள் ஒன்பது. ரெண்டும் அந்த வயதுக்கு வழமைதான். "மாமாவின்ர மிசின் பாஸ் எண்டு சொல்லுது" எண்டு பிள்ளைக்குச் சொன்னன். தங்கச்சி கட்டில்ல படுத்திருந்து சிரிச்சாள்.

அஞ்சாம் நாள் காலமை மச்சான் வேலைக்கு யாழ்ப்பாணம் போயிட்டார். சமையல் என்ர பொறுப்பு. பிள்ளை பெத்தவளுக்குச் சரக்குக்கறி வைக்கவேணும் எல்லோ? மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு எண்ட சுக்கு, உள்ளி எல்லாத்தையும் அரைச்சு, அந்தக் கூட்டுக்குள்ள மீனைப் போட்டு வைக்கிற பத்தியக் கறி. அண்டைக்குக் கரண்டும் இல்லை. அம்மியில குந்தியிருந்து அரைக்கவேண்டியதாப் போச்சு. பக்கத்து வீட்டு அண்ணை பால்சுறா மீன் கொண்டுவந்து தந்தவர், வாசல்ல நிண்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"சிங்கப்பூரிலயும் உதுதான் வேலையோ?" எண்டு கேட்டார்.

அவர் நண்டு வலை போடுற ஆள். என்னிலும் ஒரு ரெண்டு மூண்டு வயதுதான் கூட. பள்ளிக்கூட வயதிலயிருந்து கிட்டப்பார்வை, கண்ணாடி இல்லாமல் பத்தடிக்கு அங்கால ஒண்டும் தெரியாது. அவரின்ர கண்ணாடிக்கு ஒரு பக்கக் கை உடைஞ்சுபோய், அந்த இடத்தில வலைநூலைக் கட்டிக் காதில கொளுவியிருந்தார். நான் வந்த முதல் நாளே, "நீர் கண்ணாடிக்காரர்தானே, இதை ஒருக்காப் பாரும்" எண்டு கழட்டி நீட்டினவர். ஐயோ, இது என்ர தொழில் இல்லை எண்டு விளங்கப்படுத்தப் பஞ்சியில, "நாளைக்குப் பார்ப்பம் அண்ணை" எண்டு சொல்லிப்போட்டன். ஒரு சின்ன ஆணியும் அஞ்சு நிமிசமும்தான் தேவை. நாளைக்கு, நாளைக்கு எண்டு அது அப்பிடியே கிடந்தது.

கறியை இறக்கிப்போட்டுக் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவினன். தோளில கிடந்த துவாயில துடைச்சன். மத்தியானம் தங்கச்சி சாப்பிட்ட பிறகு, வழமை போலக் கருவியை எடுத்தன். அதின்ர கண்ணாடி முனையில பால் பட்டதோ என்னவோ, ஒரு மங்கல் தெரிஞ்சுது. முதல்ல கண்ணாடியைத் துடை. முதலாளியின்ர வசனம் எனக்கு இரத்தத்தில ஊறினது. துவாய் நுனியால வடிவாத் துடைச்சன். பிள்ளையின்ர நெத்தியில வைச்சு அமத்தினன்.

பத்தொன்பது.

பிழையா இருக்கும் எண்டு திரும்ப வைச்சன். பத்தொன்பது. நெஞ்சில வைச்சன். இருபது. ஒரே நாளில ஒன்பது பத்தொன்பது ஆகிறது எண்டா அது சாதாரண விசயம் இல்லை. அளவு மிஞ்சிப் போனா மூளையைத் தாக்கும், காது கேளாமல் போகலாம், பிறகு என்ன செய்தும் திருப்பேலாது. இதையெல்லாம் நான்தானே அறிக்கை அறிக்கையா எழுதினவன்! ஜன்னலுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பிள்ளையைப் பார்த்தன். எனக்கு மஞ்சளாத்தான் தெரிஞ்சுது.

"தங்கச்சி, உடுப்பை மாத்து. இப்பவே கரைக்குப் போகவேணும்" எண்டன். எண்ணைச் சொன்னன். அவள் என்ர முகத்தை ஒருக்காப் பார்த்தாள். ஏன் எண்டோ எப்பிடி எண்டோ கேக்கேல்லை. தையல் நோவோட எழும்பி, பிள்ளையைச் சுத்தி எடுத்தாள்.

இதை உறுதிப்படுத்துற இரத்தச் சோதனைக்கு ஊர்காவற்றுறைப் பக்கம்தான் போகவேணும். பின்னேர வள்ளச் சேவை காத்தால நிண்டுபோச்சு. அவசரத்துக்கு வேற ஒழுங்கு செய்யலாம், கொஞ்சம் பொறுங்கோ எண்டு வள்ளச் சேவைக்காரர் போனில சொன்னவை. எனக்குப் பொறுமை எங்க இருக்கு? அந்தரப்பட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினன். அண்ணை சாப்பிட்டுப்போட்டுச் சரிஞ்சு கிடந்தார். கருவி காட்டின எண்ணைச் சொன்னன். கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மிசின் சொல்லுதோ?"

"ஓம் அண்ணை. மூண்டு தரம் பார்த்திட்டன்."

அவ்வளவுதான். சேட்டுக் கூடப் போடாமல் எண்ணெய்க் கலனைத் தூக்கிக்கொண்டு இறங்குதுறைக்கு நடந்தார். அவரின்ர மனுசி எங்களுக்குப் பின்னால ஓடிவந்து, தண்ணி படாமல் மூட ஒரு தறப்பாளையும் தன்ர செபமாலையையும் தங்கச்சியின்ர கையில தந்தா. அவையள் கத்தோலிக்கர், நாங்கள் சைவம். தங்கச்சி அதை வாங்கிப் பிள்ளையின்ர துணிக்குள்ள செருகினாள்.

அந்தக் கடலைப் பற்றி என்ன சொல்ல? சோளகத்துக்கு அது ஒண்டும் பெரிய கடல் இல்லை எண்டு கடற்தொழில் செய்யிற ஆக்கள் சொல்லுவினம். எனக்கு அது போதும் போதும் எண்டிருந்தது. வள்ளத்தின்ர நடுவில தங்கச்சி தறப்பாளுக்குக் கீழ குந்தியிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் அவளின்ர உடம்பு தூக்கிப் போடும். பிள்ளை பெத்து அஞ்சு நாள்! நான் தண்ணி இறைச்சுக்கொண்டிருந்தன்.

பாதிக் கடலில வள்ளத்தின்ர மிசின் நிண்டுபோச்சு. வள்ளம் பக்கவாட்டில திரும்பிச்சுது. அண்ணை குனிஞ்சு கயிறை இழுக்கேக்கை ஒரு அலை முகத்தில அடிச்சது. வலைநூல் காதால கழண்டு, கண்ணாடி கடலுக்குள்ள போனது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே போனது. அவர் கயிறை விடேல்லை. நாலாந்தரமோ அஞ்சாந்தரமோ இழுக்க மிசின் பிடிச்சிட்டுது.

"எனக்கு இனி எல்லாம் புகைதான். நீர் முன்னுக்குப் போய் இருந்து என்ன தெரியுது எண்டு சொல்லும்" எண்டு கத்தினார்.

கரைக்குக் கிட்ட வலைத்தடியள் நட்டுக்கிடக்கும். மோதினா வள்ளம் பிளக்கும். நான் முன்னுக்குக் கவுண்டு படுத்துக்கொண்டு, இடப்பக்கம் தடி, வலப்பக்கம் விடுங்கோ எண்டு தொண்டை கிழியக் கத்தினன். நான் சொல்லுற பக்கமெல்லாம் அவர் திருப்பினார். அண்டைக்கு ரெண்டாந்தரமும் என்ர வாயை நம்பித்தான் அந்த மனுசன் வள்ளத்தை விட்டது.

ஆஸ்பத்திரியில ஒரு பெண் டொக்டர், இளம் பிள்ளை. நான் படபடவெண்டு எண்ணுகளைச் சொன்னன். அவ பிள்ளையை வெளிச்சத்தில பிடிச்சு, விரலால நெத்தியையும் நெஞ்சையும் அமத்தி அமத்திப் பார்த்தா. "அவ்வளவு தெரியேல்லையே, எண்டாலும் இரத்தம் பார்ப்பம்" எண்டா. குதிக்காலில குத்தினவை. பிள்ளை வீரிட்டுக் கத்திச்சுது. ஊசியில்லாமல் அளக்கிற கருவி செய்யிறவன் பக்கத்தில நிண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தன்.

முடிவு வந்தது. ஒன்பதரை.

எனக்கு விளங்கேல்லை. கருவியைப் பையால எடுத்து டொக்டரிட்டை நீட்டினன். அவ கருவியைப் பார்க்கேல்லை. நீட்டின கையைப் பார்த்தா.

"உங்கட கை ஏன் மஞ்சளா இருக்கு?"

நகக்கண் எல்லாம் மஞ்சள். பக்கத்தில கிடந்த வெள்ளைத் தாளில கருவியை வைச்சு அமத்தினன். நீலம் விழவேண்டிய இடத்தில பச்சையும் மஞ்சளுமா மங்கலா ஒரு வெளிச்சம் விழுந்தது. ஒரு வினாடி போதும் எனக்கு. மஞ்சள் நீலத்தை விழுங்கும் எண்டு நான் எத்தினை பேருக்குப் படிப்பிச்சிருக்கிறன்! அப்பவும் மனம் கேக்காமல் முனையை மூக்கில வைச்சு மணந்து பார்த்தன். மல்லி, மிளகு, உள்ளி. என்ர சரக்குக்கறி! துவாயில துடைச்ச கையின்ர மஞ்சளை, அதே துவாயால அந்த முனையில பூசியிருக்கிறன். பன்ரண்டு வருசம் கையுறை போட்டு வேலை செய்த பெரிய பொறியியலாளன். மூண்டு தரம் அளந்தன் எண்டு பெருமை வேற. ஒரே பிழையை மூண்டு தரம் அளந்திருக்கிறன்.

டொக்டர் சிரிப்பை அடக்கமாட்டாமல் அங்கால திரும்பினா. நான் கூட்டாளிமாருக்குச் சொல்லுறது இதோட முடியும்.

தங்கச்சியிட்டைச் சொன்னன். அவள் கட்டிலில நனைஞ்ச தலையோட பிள்ளைக்குப் பால் குடுத்துக்கொண்டிருந்தாள். ஏசுவாள் எண்டு நினைச்சன். ஏசியிருந்தா நல்லாயிருந்திருக்கும். கனநேரம் பிள்ளையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வேற ஆரும் சொல்லியிருந்தா ஆயிரம் கேள்வி கேட்டிருப்பன் அண்ணா. நீங்கள் சொன்னபடியாத்தான் கேக்காமல் ஏறினனான்" எண்டாள்.

கோவமாச் சொல்லேல்லை அவள். அதுதான் எனக்குத் தாங்கேலாமல் போச்சு. வெளியில வந்து சுவரோட சாய்ஞ்சு அழுதன். வெக்கத்தில அழுதனோ, பிள்ளைக்கு ஒண்டுமில்லை எண்ட ஆறுதலில அழுதனோ, எனக்கே தெரியாது.

அங்கால வேப்பமரத்துக்குக் கீழ அண்ணை இடுப்பில ஈரச் சாரத்தோட நிண்டார். கண்ணைச் சுருக்கி, வாறது ஆர் எண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இருபது அடி நடக்கிறதுக்குள்ள எனக்கு ஒரு கெட்ட யோசினை வந்தது. மருந்து குடுத்தாச்சு, நல்ல வேளை கொண்டு வந்தியள், பிள்ளை தப்பிட்டுது எண்டு சொன்னா என்ன? ஆருக்கு நட்டம்? அவருக்கும் ஒரு உயிரைக் காப்பாத்தின சந்தோசம், எனக்கும் மானம். தங்கச்சியும் காட்டிக்குடுக்கமாட்டாள். சத்தியமா, வாய் வரைக்கும் வந்திட்டுது.

ஆனா அவருக்கு என்ர முகம் கூடத் தெரியேல்லை. குரலை வைச்சுத்தான் நான் எண்டு பிடிச்சார். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல ஏலாமல் போச்சு. அம்மி, துவாய், மஞ்சள், ஒண்டும் விடாமல் சொன்னன்.

சாரத்தின்ர ஈரத்தைப் பிழிஞ்சார். பிறகு, "பிள்ளைக்கு ஒண்டுமில்லை எல்லோ? அது காணும்" எண்டார். சிரிக்கேல்லை. தோளில தட்டவும் இல்லை. தேத்தண்ணி குடிக்கப் போவம் எண்டு முன்னால நடந்தார். படி ஒண்டு தெரியாமல் தடக்குப்பட்டார். நான் கையைப் பிடிச்சன்.

அண்டு இரவு தங்கச்சியையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில வைச்சிருந்தவை. அண்ணை ஊர்காவற்றுறையில சொந்தக்கார வீட்டில தங்கினார். கண்ணாடி இல்லாமல் எப்பிடித் திரும்பிப் போறது? அடுத்த நாள் மச்சான் வந்ததும், அண்ணையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில யாழ்ப்பாணம் போய் ஒரு கண்ணாடிக் கடைக்குள்ள ஏறினன். கண்ணைச் சோதிச்சு வில்லை வெட்டிப் போட்டினம். கை ஆணியள் கொஞ்சம் இளகலா இருந்தது. கடைக்காரரிட்டை ஆணி முறுக்கிற சாமானைக் கேட்டு வாங்கி, நானே இருந்து ரெண்டு பக்கமும் முறுக்கி, துணியால வில்லையைத் துடைச்சு, அவரின்ர முகத்தில வைச்சன். துணி சுத்தமோ எண்டு ரெண்டு தரம் பார்த்தனான். அம்மா அப்பிடி நான் வேலை செய்யிறதைக் கண்டிருக்கவேணும்.

அண்ணை கண்ணாடியோட என்ர முகத்தை நேரப் பார்த்தார். கண்ணாடி கடலுக்குள்ள போன பிறகு அப்பதான் என்னை வடிவாக் காணுறார்.

"நீர் நேத்துப் பொய் சொல்லியிருக்கலாம், எனக்கும் விளங்கியிராது" எண்டார். "ஆனா ஒண்டு. இனி உந்த மிசின் உண்மையைச் சொல்லேக்கையும் நான் ஒருக்கா யோசிப்பன். கடலில இறங்கமுதல் யோசிப்பன். அந்த நேரத்தில ஒரு பிள்ளைக்குப் பிந்திப்போகும். அதுக்கு ஏதாவது செய்யும்."

இத்தினை வருசத்தில எங்கட கொம்பனிக்கு ஒருத்தரும் அப்பிடி ஒரு பிழை பிடிச்சுச் சொன்னதில்லை. நான் லீவை முடிச்சுக்கொண்டு போய், முதல் கூட்டத்திலயே நடந்ததைச் சொன்னன். சோதனைக் கருவியை வீட்டுப் பிள்ளையில வைச்சதுக்கு நல்ல ஏச்சு விழுந்தது, விழத்தானே வேணும். ஆனா இப்ப எங்கட கருவி ஒவ்வொரு தரமும் முதல்ல தன்ர மூடியில இருக்கிற வெள்ளைத் தட்டைப் பார்த்து, தன்ர கண்ணாடி சுத்தமோ எண்டு தானே சோதிக்கும். சுத்தமில்லாட்டி எண்ணே காட்டாது. அஞ்சு வினாடி வீணாகுது எண்டு சண்டை பிடிச்சவை உண்டு. விட்டுக்குடுக்கேல்லை நான். எங்கட ஆய்வுகூடத்தில அதுக்குச் 'சரக்குச் சோதனை' எண்டு பெயர். அங்க வேலை செய்யிற சீனப் பிள்ளையள் அந்தச் சொல்லை உச்சரிக்கிறதைக் கேட்டா உங்களுக்குச் சிரிப்பு வரும்.

மருமகளுக்கு இப்ப மூண்டு வயது. போனில வந்து "மாமா, மிசின் என்ன சொல்லுது?" எண்டு கேப்பாள், ஆரோ பழக்கிவிட்டிருக்கினம். நான் சிரிப்பன். ஆனா இண்டைக்கும் திரையில ஒரு எண் வந்து நிக்கேக்கை, இதை நம்பி எங்கயோ ஒருத்தி ஒரு கேள்வியும் கேக்காமல் பச்சைப் பிள்ளையோட வள்ளத்தில ஏறப்போறாள் எண்ட நினைப்பு வந்து, ஒருக்கா என்ர கையை விரிச்சுப் பார்த்துப்போட்டுத்தான் அந்த எண்ணை வாசிப்பன்.